கோப்பு வரவில்லை

கதிரேசனை நான் நான்கு முறை திருப்பி அனுப்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நான் நன்னடத்தை அலுவலர். பெயர் கோகிலவாணி. வேலையின் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் என்னைப் பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை வகுப்பு எடுப்பவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதல் தடவையாக ஒரு குற்றத்தில் மாட்டிக்கொண்டவனைச் சிறைக்கு அனுப்பாமல், "இரண்டு வருஷம் ஒழுங்காக இரு, மாதாமாதம் இந்த அலுவலரைப் போய்ப் பார், அவரைக் கேட்காமல் ஊரைவிட்டுப் போகாதே" என்று எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட் வெளியே விடும். அந்த அலுவலர்தான் நான். ஆள் சொன்னபடி நடக்கவில்லை என்றால் பழைய வழக்கைத் தூசு தட்டி எடுத்து, அன்றைக்குக் கொடுக்காமல் விட்ட தண்டனையை இன்றைக்குக் கொடுப்பார்கள்.

என் பொறுப்பில் நூற்றுப் பதினான்கு பேர். பம்மலில் இருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை இருக்கிறார்கள். எனக்கு ஜீப் கிடையாது. மின்சார ரயிலும் ஷேர் ஆட்டோவும்தான். மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் அலுவலகம். கீழே பிரியாணிக் கடை. பன்னிரண்டு மணிக்கு மேல் அந்த வாசனையில் யாரையும் முறைப்பாகக் கண்டிக்க முடியாது, வயிறு கேட்காது. உதவிக்கு ஏஞ்சல் என்று ஒரு இளநிலை உதவியாளர். நல்ல பெண், என்னைவிடச் சட்டம் தெரிந்தவள்.

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை எல்லோரும் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வேலைக்குப் போகிறாயா, குடிக்கிறாயா, வீட்டில் சண்டை உண்டா என்று ஆளுக்கு மூன்று கேள்வி கேட்பேன். போறேன் மேடம், இல்ல மேடம், இல்ல மேடம் என்று மூன்று பதில் வரும். அடுத்த ஆள். இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். முதல் ஐந்து வருஷம் பதிலைக் கவனித்துக் கேட்டேன்.

ஆகஸ்ட் மாதத் திங்களில் வரிசையில் பதினேழாவதாக நின்றான் கதிரேசன். முப்பது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கும். நல்ல உயரம். அந்த உயரத்துக்குப் பொருந்தாத மாதிரி குனிந்து நின்றான்.

"பேரு?"

"கதிரேசன் மேடம். பள்ளிக்கரணைல இருந்தேன். வூட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லிட்டாரு. இப்ப பம்மல்ல எங்க பேபி அக்கா வூட்ல கீறேன். அந்த ஆபீஸ் சாரு, பம்மல் வேற ஜில்லாவாம், இனிமே இங்க வந்துதான் கையெய்த்துப் போடணும்னு சொன்னாரு. கோர்ட்ல ஆர்டர்கூட போட்டாங்கோ மேடம்."

அவன் நீட்டிய நகலைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் லாரி ஓட்டியவன். வரிசையில் முந்தி நின்ற இன்னொரு லாரிக்காரனோடு வாய்த்தகராறு முற்றி, கையில் இருந்த ஸ்பானரால் அடித்துவிட்டான். அந்த ஆளுக்கு மண்டையில் ஒன்பது தையல். முதல் குற்றம், குற்றத்தை ஒப்புக்கொண்டான், இரண்டு வருஷக் கண்காணிப்பு. அதில் பத்து மாதம் முடிந்திருந்தது.

ஒருவன் மாவட்டம் மாறினால் அவனுடைய கோப்பும் மாற வேண்டும். பழைய அலுவலர் அனுப்ப, புதிய அலுவலர் பெற்றுக்கொண்டு ஒரு எண் கொடுத்து, பதிவேட்டில் பெயர் ஏற்ற வேண்டும். எண் இல்லாவிட்டால் பெயர் இல்லை, பெயர் இல்லாவிட்டால் கையெழுத்துப் போட இடமில்லை. ஏஞ்சல் தபால் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"உன் ஃபைல் இன்னும் வரலப்பா. வந்ததும் வா," என்றேன்.

"அதுவரைக்கும் எங்க மேடம் கையெய்த்துப் போடறது?"

"பழைய ஆபீஸ்ல கேளு."

பழைய ஆபீசில் கேட்டிருக்கிறான். அங்கே ஷ்யாம்சுந்தர் என்கிற அலுவலர். என்னைப் போலவே ஜீப் இல்லாதவர், என்னைவிட முப்பது கோப்பு அதிகம் வைத்திருப்பவர். "உன்னை மாத்தியாச்சுப்பா, நீ இப்ப தாம்பரம் ஆளு, இங்க உன் பேரை அடிச்சாச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பள்ளிக்கரணைக்கும் பம்மலுக்கும் நடுவில் ரேடியல் ரோட்டில் போனால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் கதிரேசன் எந்த மாவட்டத்துக்கும் சொந்தமில்லாதவன் ஆகிவிட்டான்.

செப்டம்பர் திங்களில் மறுபடி வந்தான். கையில் ஒரு சின்ன ஸ்வீட் பாக்ஸ்.

"மேடம், பொண்ணு பொறந்துகீது. வெள்ளிக்கெய்ம. சிசேரியன்."

அலுவலகத்தில் எதையும் வாங்கக் கூடாது என்று நான் சொல்வதற்குள் ஏஞ்சல் ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவனுடைய மனைவி சுப்ரஜா ஆந்திராக்காரி. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், சூலூர்பேட்டை. சென்ட்ரலில் ஏறினால் இரண்டு மணி நேரம். ஆனால் நடுவில் ஒரு மாநில எல்லை இருக்கிறது. அவன் பிணைப்பத்திரத்தில் ஐந்தாவது நிபந்தனை, கண்காணிப்பு அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மாநிலத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது.

"ரெண்டே நாளு மேடம். கொயந்தயப் பாத்துட்டு ஓடியாந்துடறேன். ஒரு லெட்டர் மட்டும் குடுங்கோ."

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அவன் மேலா, ஷ்யாம்சுந்தர் மேலா, கீழே இருந்து வந்த பிரியாணி வாசனை மேலா தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், இந்த மாதிரி விஷயங்களுக்கு யாரும் அனுமதி கேட்பதே இல்லை. போவார்கள், வருவார்கள், அடுத்த திங்கள் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். எனக்கும் தெரியும், அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். இவன் ஒருத்தன்தான் கேட்டுத் தொலைக்கிறான். கேட்டால் நான் இல்லை என்றுதானே சொல்ல முடியும்?

"ஃபைலே வராம நான் எப்படிப்பா பர்மிஷன் குடுக்கறது? ஃபைல் இல்லைன்னா நீ எனக்கு யாரோ, நான் உனக்கு யாரோ."

இந்த வார்த்தையை அப்படியே சொன்னேன். மாற்றிச் சொல்லவில்லை. அவன் தலையாட்டினான். ஸ்வீட் பாக்ஸை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் ஷ்யாம்சுந்தருக்கு ஒரு போன் போட்டேன். "ஜூலையிலேயே அனுப்பியாச்சு மேடம், ரிஜிஸ்டர் தபால்" என்றார். "வரலையே சார்" என்றேன். "அனுப்பியாச்சே மேடம்" என்றார். இரண்டு பேரும் இன்னொரு தரம் அதையே சொல்லிக்கொண்டோம். பிறகு அவர் தன் மகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சீட் கிடைத்த கதையைச் சொன்னார். போனை வைத்துவிட்டேன். ஒரு கோப்பைத் தேடுவதற்கு என்னால் செலவழிக்க முடிந்த தெம்பு அவ்வளவுதான்.

அக்டோபரில் வந்தான், வரவில்லை என்றேன். இந்தத் தடவை அவன் வேறு ஒன்று கேட்டான்.

"அப்படியே மொத்தமா ஆந்திராவுக்கு மாத்திட முடியாதா மேடம்? அவங்க ஊர்லயே எதுனா லாரி ஓட்டிக்குவேன். அங்க மாமியார் வூட்ல, பொட்டப்புள்ளன்னு தெரிஞ்சதுங்காட்டிதான் வரலன்னு பேசிக்கிறாங்கோ. கேஸு கீதுன்னு அவங்களுக்குத் தெரியாது. சுப்ரஜா வாயத் தொறக்கல. ரொம்பப் பேஜாரா போச்சு மேடம்."

"பள்ளிக்கரணைல இருந்து பம்மலுக்கு வரவே மூணு மாசம் ஆகியும் வரல. ஆந்திராவுக்குன்னா உன் பொண்ணு பள்ளிக்கூடம் போயிடும்," என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான். ஏஞ்சல் மட்டும் சிரிக்கவில்லை.

நவம்பர் மாதத் திங்கள் அன்று நல்ல மழை. படிக்கட்டெல்லாம் ஈரம், கையெழுத்துப் போட வந்தது இருபத்தொரு பேர்தான். ஏழு பேர் கையெழுத்துப் போட்டதும் பதிவேட்டில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனா நின்றுவிட்டது. என் பேனாவைக் கொடுத்தால் திரும்ப வராது. வரிசைக்கு வெளியே, சுவரோரமாக, சும்மா கேட்டுவிட்டுப் போக வந்திருந்த கதிரேசன், "இந்தாங்கோ" என்று தன் பேனாவை நீட்டினான். பம்மலில் அவன் வேலை செய்யும் பட்டறையில் ஆயுதபூஜைக்குக் கொடுத்ததாம். பச்சை மை. எட்டாவது ஆளில் இருந்து இருபத்தொன்றாவது ஆள் வரை எல்லோரும் அந்தப் பேனாவில் போட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் பக்கத்தைப் பார்த்து எரிந்து விழுந்தேன். "பச்சை மை கெஜடட் ஆபீசர் போடறதுப்பா! இங்க திருட்டுக் கேஸ்காரன்லாம் கெஜடட் ஆபீசரா?"

"சாரி மேடம். எனக்கு இன்னா தெரியும்," என்று பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். "ஃபைலு வந்துச்சா மேடம்?"

"வரல."

டிசம்பரில் அவன் வரிசையில் நிற்கவில்லை. படிக்கட்டில் ஆட்களைத் தள்ளிக்கொண்டு நேராக வந்து என் மேஜையில் போனை வைத்தான். திரையில் ஒரு புகைப்படம். பள்ளிக்கரணையில் அவன் குடியிருந்த பழைய வீட்டுக் கதவில் கோர்ட் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அக்கம்பக்கத்துக்காரர் யாரோ பார்த்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

பெரிதாக்கிப் படித்தேன். நிபந்தனையின்படி நான்கு மாதங்களாக எந்த அலுவலரிடமும் ஆஜராகவில்லை. விலாசத்தில் இல்லை. அனுமதியின்றி ஆந்திர மாநிலத்துக்குச் சென்றுவிட்டதாகத் தெரிகிறது. பிணைப்பத்திரத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று ஜனவரி இருபத்தெட்டாம் தேதி நேரில் வந்து விளக்க வேண்டும்.

நடந்தது எனக்கு உடனே புரிந்தது. ஷ்யாம்சுந்தர் அரையாண்டு அறிக்கை எழுத உட்கார்ந்திருக்கிறார். கோப்பைப் பெற்றுக்கொண்டோம் என்று எங்களிடம் இருந்து ஒப்புகை போகவில்லை. பழைய வீட்டுக்காரரிடம் விசாரித்திருக்கிறார். "பொண்டாட்டி ஊரு ஆந்திரா, அங்கதான் போயிருப்பான்" என்று அந்த ஆள் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். ஷ்யாம்சுந்தர் அதை எழுதிவிட்டார். காகிதப்படி அவர் பக்கத்தில் தப்பென்று சொல்ல ஒரு வரிகூட இல்லை.

"நான் போவவே இல்லியே மேடம்," என்றான் கதிரேசன். "போவக் கூடாதுன்னுதான நீங்கோ சொன்னீங்கோ. மூணு மாசம் ஆவுது, என் கொயந்தய நான் போன்ல பாத்துகினு கீறேன். ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்களா மேடம்?"

"அந்தாண்ட பெஞ்சுல உட்காரு," என்றேன். ஏஞ்சல் அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் பாதிச் சாப்பாட்டில் நிறுத்தினேன். டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஏஞ்சலிடம், "அந்த ஆபீஸ்ல அட்ரஸ் எந்த லிஸ்டைப் பார்த்து எழுதுவாங்க?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் மாவட்டம் பிரிந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன்னால் பம்மலும் தாம்பரமும் இன்னொரு மாவட்டத்தில் இருந்தன. பழைய முகவரிப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் அலுவலகங்கள் இன்னும் உண்டு. அதைப் பார்த்து எழுதினால் தபால் எங்கே போகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பிரிவதற்கு முன்னால் ஒன்பது வருஷம் நான் உட்கார்ந்திருந்த அலுவலகத்துக்குத்தான் போகும். ஆகஸ்டிலேயே இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். பழைய அலுவலகத்தில் என்னை அடையாளம் தெரிந்தவர் ஒருவர்தான் மிச்சம். நான் பயன்படுத்திய அதே இரும்பு பீரோவைத் திறந்து காட்டினார். கீழ்த்தட்டில் ஒரு கட்டு, மேலே சிவப்பு மையில் "நமக்குரியதல்ல, திருப்பி அனுப்புக" என்று எழுதியிருந்தது. ஸ்டாம்பு தீர்ந்துபோனதால் அனுப்பவில்லை, பிறகு மறந்துவிட்டது என்றார். அந்தக் கட்டுக்குள் மேலே இருந்து மூன்றாவது உறை கதிரேசனுடையது. பிரிக்கப்படாமல் இருந்தது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆனாலும் முதுகு வலித்தது.

இனி கோர்ட்டுக்கு அறிக்கை எழுத வேண்டும். சுலபமான வழி ஒன்று இருந்தது. ஏஞ்சல் அதை வாய்விட்டே சொன்னாள்.

"கோப்பு தாமதமாக வந்ததால் பதிவு செய்ய இயலாத நிலை ஏற்பட்டதுன்னு எழுதிடலாம் மேடம். யார் மேலயும் இல்லாம போயிடும்."

"அவன் நாலு தடவை வந்தானே. அது எங்க வரும்?"

"அதுக்கு நம்மகிட்ட ரெக்கார்டு இல்லையே." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வந்தான், நான் திருப்பி அனுப்பினேன்னு நீங்க எழுதினா, உங்களுக்கே பதினேழு பி வரும் மேடம். ஏப்ரல்ல பதவி உயர்வு பேனல் கீது... இருக்கு."

பதினேழு பி என்பது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அது நிலுவையில் இருந்தால் பேனலில் பெயர் வராது. ஆறு வருஷமாக அந்தப் பேனலுக்குக் காத்திருக்கிறேன். மண்டல அலுவலராகப் போனால் தினமும் படியேற வேண்டாம், முதல் திங்கள் என்ற ஒன்று இருக்காது. எனக்கு அது வேண்டும் என்று கூச்சமில்லாமல் சொல்வேன். ஓய்ந்துபோயிருக்கிறேன்.

ஆனால் ரெக்கார்டு இல்லை என்று அவள் சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது. பதிவேட்டை எடுத்து நவம்பர் பக்கத்தைத் திறந்தேன். ஏழு கையெழுத்து நீலம். எட்டில் இருந்து இருபத்தொன்று வரை பச்சை. பதினான்கு பேர் அவன் பேனாவால் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அவன் பெயர் மட்டும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஆள் மாதாமாதம் வந்து நின்றிருக்கிறான், நான் அவன் மையின் நிறத்துக்குத் திட்டியிருக்கிறேன்.

"கம்ப்யூட்டரைப் போடு," என்றேன்.

நான் சொல்லச் சொல்ல ஏஞ்சல் தட்டினாள். மேற்படி நபர் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை நான்கு மாதங்களும் முதல் திங்கட்கிழமை நேரில் வந்தார். கோப்பு வராததைக் காரணம் காட்டி அவர் வருகையைப் பதிய நான் மறுத்தேன். குழந்தையைப் பார்க்க அவர் கேட்ட அனுமதியையும் மறுத்தேன். நவம்பரில் பதினான்கு பேர் அவர் கொடுத்த பச்சை மைப் பேனாவால் கையெழுத்திட்ட பதிவேட்டுப் பக்கத்தின் வண்ண நகல் இணைக்கப்பட்டுள்ளது. "மறுத்தேன்" என்ற இடத்தில் இரண்டு தடவையும் அவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள். தட்டு என்றேன்.

ஜனவரி இருபத்தெட்டு அன்று என் வருகைப் பதிவில் "மற்றப் பணி" என்று எழுதி வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். கதிரேசன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். சுப்ரஜா குழந்தையோடு காலை ரயிலில் கிளம்பிவிட்டாளாம். ஐந்து மாதம் முடியாமல் பச்சைக்குழந்தையை வெளியே எடுக்கக் கூடாது என்று அவள் அம்மா தடுத்தாராம். அதற்குமேல் மறைக்க முடியாமல் வழக்கைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். ரயில் கும்மிடிப்பூண்டி அருகே நின்றுவிட்டது என்று கடைசியாகப் போன் வந்தது.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். கதிரேசன் கூண்டில் ஏறினான். மாஜிஸ்திரேட் சின்ன வயதுக்காரர். என் அறிக்கையை நிதானமாகப் படித்தார். பச்சை மைப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நாலு தடவை வந்திருக்கார்னு எழுதியிருக்கீங்க. ஏன் பதியலை?"

"கோப்பு வரவில்லை, ஐயா."

"கோப்பு வரலை, சரி. ஆள் வந்தாரே?"

"ஆமாம், ஐயா. தப்பு என்னுடையது," என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த வக்கீல்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அரசு வழக்கறிஞர் எழுந்து, மாதம் ஒரு நாள் தாம்பரத்தில் தலைகாட்டியது சரி, மீதி நாட்களில் ஆந்திராவில் இருந்திருக்கலாமே, மனைவி அங்கேதானே இருக்கிறார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் அதற்குக் காகிதம் இல்லை. பட்டறை முதலாளி கடிதம் கொடுக்க மறுத்துவிட்டார், கோர்ட் விவகாரம் வேண்டாமென்று. கதிரேசன், "போவல சாமி, சத்தியமா போவல," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் வாசலில் சுப்ரஜா வந்தாள். மெலிந்த பெண். தோளில் ஒரு பை, கையில் துணியில் சுற்றிய குழந்தை. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. மாஜிஸ்திரேட் அவளை முன்னால் வரச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் கடைசியா எப்ப சூலூர்பேட்டை வந்தார்?"

"வர்லே சார். பாப்பா பொறந்ததுக்கும் வர்லே. ஆஸ்பத்திரிக்கும் வர்லே. போன்ல மட்டும் பேசறாரு, டெய்லி." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க அம்மா எவ்ளோ திட்டினாங்க சார். எல்லாரும் கேக்கறாங்க. இப்பதான் சார் பாக்கறாரு, அங்க நின்னுகிட்டு."

எல்லோரும் கூண்டைப் பார்த்தார்கள். கதிரேசன் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, எக்கி, துணிக்குள் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வரலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவுமில்லை. அரசு வழக்கறிஞர் தன் காகிதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

உத்தரவு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. நிபந்தனை மீறப்படவில்லை. நான்கு மாதமும் கண்காணிப்புக் காலத்தில் சேரும். கண்காணிப்பு என்னிடமே தொடரும். என் அறிக்கையின் நகல் ஒன்று தக்க நடவடிக்கைக்காக என் துறைத் தலைமைக்குப் போகும். கடைசி வரியைப் படிக்கும்போது மாஜிஸ்திரேட் என்னை ஒருமுறை பார்த்தார். நான் தலையாட்டினேன். ஏப்ரல் போயிற்று, முதல் திங்கட்கிழமைகள் இன்னும் எத்தனை வருஷமோ.

வெளியே வராந்தாவில், பெஞ்சில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன். எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கத் தெம்பு வர வேண்டும். கதிரேசன் எதிரே வந்து நின்றான்.

"மேடம், இவங்களத் திருப்பிக் கொண்டுபோய் வுட்டுட்டு வரணும். ரெண்டு நாளு. பர்மிஷன் குடுப்பீங்களா?"

இப்போதும் கேட்கிறான் பாருங்கள். கைப்பையில் இருந்து அவன் கோப்பை எடுத்து மடியில் வைத்து, ஒரு வெள்ளைத்தாளை அதன்மேல் வைத்தேன். என் பேனா மக்கர் செய்தது. அவன் சட்டைப் பையில் இருந்து பச்சைப் பேனாவை எடுத்து, கொடுக்கலாமா என்று தயங்கி நின்றான். வாங்கிக்கொண்டேன். ரெண்டு நாள் என்று அவன் கேட்டதை ஒரு வாரம் என்று எழுதி, அந்தப் பச்சை மையிலேயே கையெழுத்துப் போட்டு, தேதியிட்டுக் கொடுத்தேன். ஆந்திராவுக்கு மாற்றுவதற்கும் எழுதுகிறேன், கோப்பை நானே கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். அவன் தாளை இரண்டு தடவை படித்து, மடித்து, போன் உறைக்குள் செருகி, போனைச் சுப்ரஜாவிடம் கொடுத்தான். குழந்தையைக் கொடு என்று கைகளை நீட்டினான்.

அவன் கைக்கு வந்ததும் குழந்தை வீறிட்டது. புது ஆள், புது வாடை. அவன் பதறிப்போய், "அம்மாடி, அம்மாடி, அப்பா நானு," என்று பேச ஆரம்பித்தான். குரலைக் கேட்டதும் அழுகை சட்டென்று நின்றது. அந்தக் குரலை அதற்குத் தெரியும், தினமும் கேட்டது. கண்ணை அகல விரித்து, தலையைத் திருப்பி, சுப்ரஜாவின் கையில் இருந்த போனைப் பார்த்துச் சிரித்தது.

"அங்க இல்லடி கண்ணு," என்றான் கதிரேசன். "இங்க கீறேன். இங்க பாரு, அப்பா இங்க கீறேன்."

குழந்தை போனையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.